போருக்குப் போகாத சிப்பாயின் போர்ப்பாடல்: சிகாகோவின் ஜான் பிரைன் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

பாடகராக மேடையேறும் முன்னாள் ராணுவ வீரர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையைப் பின்பற்றுகிறார்கள். போர்க்களம் காயத்தைத் தந்தது, காயம் பாட்டைத் தந்தது, பாட்டு ஆறுதலைத் தந்தது என்பது அந்த வரிசை. அமெரிக்கப் பாடகர் ஜான் பிரைனின் வாழ்க்கை இந்த வரிசைக்குள் அடங்காது. வியட்நாமிலிருந்து ஊர் திரும்பிய சிப்பாயைப் பற்றி அந்தத் தலைமுறையில் எழுதப்பட்ட பாடல்களில் மிக அதிகமாகப் பேசப்பட்ட ஒன்றான 'சாம் ஸ்டோன்' பாடலை எழுதியவர் அவர். ஆனால் வியட்நாம் மண்ணில் அவர் கால் வைத்ததே இல்லை. தம் ராணுவச் சேவையை மேற்கு ஜெர்மனியில், வாகனப் பணிமனையில் கழித்தவர் அவர். அப்படிப்பட்டவருக்கு அந்தப் பாடல் எங்கிருந்து வந்தது, அதைச் சிகாகோவின் சின்னஞ்சிறு இசை விடுதிகள் ஏன் செவிகொடுத்துக் கேட்டன என்பவையே இந்த ஆய்வின் கேள்விகள்.

பிரைன் 1946 அக்டோபர் 10 அன்று சிகாகோவை ஒட்டிய மேவூட் என்ற தொழிலாளர் புறநகரில் பிறந்தார். தந்தை கருவி, அச்சு செய்யும் தொழிலாளி. பெற்றோர் இருவரின் பூர்வீகமும் கென்டக்கி மாநிலத்தின் மூலன்பர்க் மாவட்டம். வீட்டில் நாட்டுப்புற இசையும் கிராமிய கிட்டார் வாசிப்பும் புழங்கின. பதினான்கு வயதில் அண்ணன் டேவ் கிட்டார் கற்றுக்கொடுத்தார். பின்னர் சிகாகோவின் ஓல்ட் டவுன் நாட்டுப்புற இசைப் பள்ளியில் பிரைன் பாடம் கேட்டார். 1957-ல் தொடங்கப்பட்ட அந்தப் பள்ளி, தேர்ந்த வித்வான்களை உருவாக்குவதைவிட, வேலைக்குப் போகும் சாதாரண மனிதர்கள் கூட்டமாக உட்கார்ந்து வாசிக்கப் பழகும் இடமாகவே நடந்துவந்தது. பிரைனின் வாசிப்பு கடைசிவரை எளிமையாகவே இருந்ததற்கு இந்தப் பின்னணியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உயர்நிலைப் பள்ளியை முடித்துத் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவருக்கு 1966-ல் கட்டாய ராணுவச் சேவைக்கான அழைப்பு வந்தது. அந்த ஆண்டுகளில் அழைப்பு பெற்ற இளைஞன் எங்கே அனுப்பப்படுவான் என்பது அவன் கையில் இல்லை. ஒரு பக்கம் வியட்நாமில் படை பெருகிக்கொண்டிருந்தது. 1968 இறுதியில் அங்கே ஏறத்தாழ 5 லட்சத்து 36 ஆயிரம் அமெரிக்கப் படையினர் இருந்தார்கள். மறுபக்கம் சோவியத் யூனியனை எதிர்நோக்கி மேற்கு ஜெர்மனியில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நிறுத்தப்பட்டிருந்தார்கள். பிரைனுக்கு வாய்த்தது இரண்டாவது. ஸ்டுட்கார்ட் நகரையொட்டிய படைப்பிரிவில் மெக்கானிக்காக இருந்த அவர், பீர் குடிப்பதும் லாரியைப் பழுதுபார்ப்பதாகப் பாவனை செய்வதுமே தம் முக்கியப் பணி என்று பின்னாளில் நேர்காணல்களில் கேலியாகச் சொல்லிவந்தார். அந்தக் கேலியை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் அதில் ஒரு நேர்மை உண்டு. தாம் காணாத போரைக் கண்டதாக அவர் ஒருபோதும் காட்டிக்கொள்ளவில்லை.

சேவை முடிந்து திரும்பியவர் மீண்டும் தபால்பையைத் தூக்கினார். மேவூடுக்கு அருகிலுள்ள வெஸ்ட்செஸ்டர் பகுதியில் வீடு வீடாக நடந்து கடிதம் கொடுக்கும் வேலை அது. வழி பழகிவிட்டால் கால்கள் தாமாகவே நடக்கும், மனம் சும்மா இருக்கும். அந்த நேரத்தில் பாடல்களை மனத்துக்குள்ளேயே கட்டினார். கையில் வாத்தியமும் இல்லை, தாளும் இல்லை என்னும்போது, பாடலின் வரிகள் நினைவில் தங்கும்படி இருந்தாக வேண்டும். பிரைனின் ஆரம்பகாலப் பாடல்களில் வாக்கியங்கள் சிறியவையாகவும், ஒவ்வொரு வரியிலும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு பொருள் இருப்பதாகவும் அமைந்ததற்கு, இந்த நடைப்பழக்கமே காரணம் என்று நான் கருதுகிறேன். குளிர்காற்று தாங்க முடியாத நாட்களில், தபால்காரர்களுக்கான கடிதக் கட்டுகளை வைக்கும் பெரிய இரும்புப் பெட்டிக்குள் நுழைந்து உட்கார்ந்து உணவருந்தியதாகவும் அவர் சொல்லியிருக்கிறார்.

அவர் மேடையேறிய கதை பலமுறை சொல்லப்பட்டது. ஆர்மிட்டேஜ் அவென்யூவில், இசைப் பள்ளிக்கு எதிர்ப்புறம், ஃபிஃப்த் பெக் என்ற சிறிய விடுதி இருந்தது. விருப்பமுள்ள எவரும் பாடலாம் என்ற ஓர் இரவில், பார்வையாளராக உட்கார்ந்திருந்த பிரைன் மேடையில் பாடியவர்களைக் குறைத்துப் பேச, அப்படியானால் நீயே ஏறிப் பாடு என்று பக்கத்திலிருந்தவர் சீண்டினார். ஏறினார். மூன்று பாடல்கள் பாடினார்: ஒன்று, முதுமையின் தனிமையைப் பற்றியது, ஒன்று, நிலக்கரிச் சுரங்கம் விழுங்கிய தம் பெற்றோரின் ஊரைப் பற்றியது, மற்றொன்று, போதைக்கு அடிமையாகி இறக்கும் முன்னாள் சிப்பாயைப் பற்றிய 'சாம் ஸ்டோன்'. பாடி முடித்ததும் அறை அமைதியாக இருந்தது. தாம் தோற்றுவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தபோது கைதட்டல் எழுந்தது. விடுதி அவருக்கு வாரந்தோறும் ஓர் இரவைக் கொடுத்தது.

இந்தக் கதையில் எல்லோரும் கைதட்டலையே பெரிதாகப் பேசுகிறார்கள். ஆய்வு நோக்கில் பார்த்தால் அந்த வாரந்தோறுமான இரவுதான் முக்கியமானது. ஒருமுறை கைதட்டு வாங்கியவருக்கு மூன்று பாடல்கள் போதும். வாரந்தோறும் ஒரு முழு இரவை நிரப்ப வேண்டியவருக்கு அவை போதாது. அதே முகங்கள் திரும்பத் திரும்ப வரும் இடத்தில் புதிதாக எழுதியே ஆக வேண்டும். பகலில் தபால் சம்பளம் இருந்ததால், எழுதுவது கேட்பவர்களுக்குப் பிடிக்காவிட்டால் வீட்டு அடுப்பு அணைந்துவிடும் என்ற நெருக்கடியும் இல்லை. பெரிய அரங்கில் ஒரு பாடல் விழுந்தால் அதை அங்கேயே விட்டுவிட வேண்டும். சில பேர் மட்டும் உட்காரும் அறையிலோ அடுத்த வாரம் அதை மாற்றிப் பாடிப் பார்க்கலாம். உள்ளூர் இசைச் சூழல் பிரைனுக்குச் செய்த முதல் உதவி இதுதான்: பாராட்டைவிட அதிகமாக, தொடர்ச்சி.

1970 அக்டோபர் 9 அன்று சிகாகோ சன்-டைம்ஸ் நாளேட்டில் அவரைப் பற்றிய முதல் விமர்சனம் வெளிவந்தது. எழுதியவர் திரைப்பட விமர்சகர் ராஜர் ஈபர்ட். ஒரு படத்திலிருந்து பாதியில் எழுந்து, தாகத்துக்கு பீர் தேடி ஃபிஃப்த் பெக்குக்குள் நுழைந்ததாகவும், அங்கே பிரைனைக் கேட்டதாகவும் ஈபர்ட் பின்னர் சொல்லியிருக்கிறார். பாடகர் மெதுவாகத் தொடங்குகிறார், ஒன்றிரண்டு பாடல்களுக்குப் பிறகு அறையிலுள்ள குடிகாரர்கள்கூட வரிகளைக் கவனிக்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்பது அந்த விமர்சனத்தின் சாரம். அதன் தலைப்பு அவரைப் பாடும் தபால்காரர் என்று அடையாளப்படுத்தியது. இதைக் கவனிக்க வேண்டும். போர் தொடர்ந்துகொண்டிருந்த காலத்தில், ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த ஒருவர் சிப்பாயைப் பற்றிப் பாடும்போது, முன்னாள் வீரர் என்ற முத்திரை விளம்பரத்துக்கு எளிதாகக் கிடைத்திருக்கும். அது அவருக்குக் குத்தப்படவில்லை. அவரும் கேட்டுப் பெறவில்லை. சீருடையோ பதக்கமோ மேடைக்கு வரவில்லை. சேவைக்காலம் பாடல்களுக்குள் மட்டும் வந்தது.

'சாம் ஸ்டோன்' முதலில் வேறொரு தலைப்பில் பாடப்பட்டது. அதிபர் லிண்டன் ஜான்சன் தம் சமூகநலத் திட்டங்களுக்கு வழங்கிய 'மாபெரும் சமுதாயம்' என்ற பெயரையே போருக்கும் ஒட்டிக் கேலி செய்யும் நீண்ட தலைப்பு அது. பின்னர் அந்தக் கேலி நீக்கப்பட்டு, கற்பனைப் பாத்திரத்தின் பெயரே தலைப்பாயிற்று. இந்தத் திருத்தத்தைப் பாடலின் போக்கையே நிர்ணயித்த முடிவாகக் கொள்ளலாம். பழைய தலைப்பில் கேட்பவர் அரசைப் பார்க்கிறார். புதிய தலைப்பில் ஒரு மனிதனைப் பார்க்கிறார். பாடலுக்குள் போரின் நியாய அநியாயம் பற்றி ஒரு வரியும் கிடையாது.

பாடலின் கட்டமைப்பு இன்னும் நுட்பமானது. சரணங்கள் படர்க்கையில் நடக்கின்றன: பதக்கத்தோடும் முழங்காலில் குண்டுச் சில்லோடும் திரும்பியவன், வலிக்காகக் கொடுக்கப்பட்ட மார்பினிலிருந்து ஹெராயினுக்குப் போகிறான், திருடத் தொடங்குகிறான், இறக்கிறான். பல்லவி வந்ததும் குரல் மாறிவிடுகிறது. அங்கே பேசுவது அவனுடைய குழந்தை. அப்பாவின் கையில் உள்ள துளையையும் அதன் வழியே வீட்டுப் பணம் போவதையும் அது பார்க்கிறது. சிப்பாயின் வாயிலிருந்து ஒரு சொல்லும் வருவதில்லை. போரைக் கண்டவனுக்குரிய தன்மைக் குரலை எடுத்துக்கொள்ள பிரைனுக்கு உரிமை இருக்கவில்லை என்று ஒருவர் வாதிட்டால், அதற்கான பதில் பாடலிலேயே இருக்கிறது: அவர் அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. பக்கத்தில் நின்று பார்த்தவரின் இடத்தில் நின்றுகொண்டார். குறிப்பிட்ட ஒரே மனிதரை மனத்தில் வைத்து எழுதவில்லை என்றும், வியட்நாமிலிருந்து திரும்பிய சில நண்பர்களும் தம்முடன் சேவையில் இருந்த சிலரும் சேர்ந்தே அந்தப் பாத்திரம் ஆனார்கள் என்றும் அவர் விளக்கியிருக்கிறார். ஜெர்மனிக்குப் போனவர், வியட்நாமுக்குப் போன தன் வயதுக்காரர்களோடு ஒரே ஊரில் மீண்டும் வாழ நேர்ந்தது. பாடலின் பார்வைக் கோணம் அந்த நிலையிலிருந்து பிறந்தது.

கடைசிச் சரணத்தில் ஒரு பொருளாதாரத் தகவல் உண்டு. முன்னாள் வீரர்களுக்கான அரசு உதவியால் வாங்கிய வீடு, கொடி போர்த்திய சவப்பெட்டிக்கு ஈடாகிப்போகிறது. 1944-ல் இயற்றப்பட்ட அந்த உதவிச் சட்டத்தின் பயன்கள், வீட்டுக் கடன் உத்தரவாதம் உட்பட, 1966 மார்ச்சில் கையெழுத்தான புதிய சட்டத்தால் 1955 ஜனவரிக்குப் பின் சேவை செய்தவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டன. கோபத்தில் மட்டும் எழுதுபவருக்கு இந்தச் சட்டம் நினைவுக்கு வந்திருக்காது. ராணுவத்தை விட்டு வெளியேறியவர்களின் அன்றாடப் பேச்சில் கடனும் படிவமும் தவணையும் புழங்குவதை அறிந்த ஒருவர் எழுதிய வரி அது.

பாடலை வரலாற்று ஆவணமாகக் கொள்ளலாமா என்றால், கூடாது என்பதே என் முடிவு. வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படையினரிடையே ஹெராயின் பரவியிருப்பது 1971 மே, ஜூன் மாதங்களில்தான் தேசிய அளவில் பேரதிர்ச்சியானது. அதிபர் நிக்சன் ஜூன் 17 அன்று போதைப்பொருளை நாட்டின் முதல் எதிரி என அறிவித்தார். பாடல் அதற்கு முன்பே சிகாகோவில் பாடப்பட்டுவிட்டது என்பது உண்மை. ஆனால் பாடல் காட்டும் வழியும் நடந்த வழியும் வேறு. காயத்துக்கு மார்பின், அதிலிருந்து அடிமைத்தனம் என்று பாடல் சொல்கிறது. வியட்நாமில் பெரும்பாலோர் பழகியது மலிவாகவும் தூய்மையாகவும் கிடைத்த ஹெராயினைப் புகைத்துத்தான். 1971 செப்டம்பரில் நாடு திரும்பியவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்த சமூகவியலாளர் லீ ராபின்ஸ், அங்கே ஐந்தில் ஒருவர் அடிமையாகியிருந்ததையும், அப்படி அடிமையானவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவிலேயே திரும்பிய முதலாண்டில் மறுபடி அடிமையானதையும் கண்டார். அதாவது பெரும்பாலோர் மீண்டார்கள். சாம் ஸ்டோன் சிறுபான்மையைச் சேர்ந்தவன். திரும்பிவந்த சிப்பாய் என்றாலே போதைக்காரன் என்ற பிம்பம் மக்கள் மனத்தில் உறைந்ததில் இந்தப் பாடலுக்கும் சிறு பங்கு இருக்கக்கூடும். பாடலின் மேன்மையை ஒப்புக்கொண்டே இந்தக் குறையையும் சொல்லியாக வேண்டும். எனினும், சிதைந்த நரம்புகள் என்று பிரைன் பாடியதற்கு மருத்துவ உலகம் மனஅதிர்ச்சிக்குப் பிந்தைய அழுத்தக் கோளாறு என்ற பெயரை முறையாகக் கொடுத்தது 1980-ல்தான். அந்த இடைக்காலத்தில் குடும்பங்களுக்குப் பேச ஒரு மொழி தேவைப்பட்டது.

இங்கே பாடகரும் பாடலாசிரியருமான கிரிஸ் கிறிஸ்டோஃபர்சனை ஒப்பிடுவது பயன் தரும். இந்த நிகழ்வில் அவரும் ஒரு பாத்திரம் என்பதால் மட்டுமல்ல. விமானப்படைத் தளபதியின் மகனான அவர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், ராணுவத்தில் கேப்டனாகவும் ஹெலிகாப்டர் ஓட்டியாகவும் இருந்தவர், அவரும் மேற்கு ஜெர்மனியில் பணிபுரிந்தவர். 1965-ல் பதவியை உதறிவிட்டு நாஷ்வில் சென்று ஒலிப்பதிவுக் கூடத்தில் துப்புரவு வேலை பார்த்தபடி பாடல் எழுதினார். டேவ் டட்லி பாடி 1966-ல் வெளியான அவரது வியட்நாம் பாடல், போரை எதிர்த்தவர்களைச் சாடும் சிப்பாயின் குரலில் அமைந்தது. அவருடைய அரசியல் பின்னர் நேர்மாறாக மாறியது வேறு கதை. அதிகாரி எழுதியது சிப்பாயின் வாதம். மெக்கானிக் எழுதியது சிப்பாய் வீட்டின் நிலை. ஒரே ராணுவம், ஒரே நாடு, ஏறக்குறைய ஒரே பத்தாண்டு. ஆகவே சேவை தன்னளவில் எந்தப் பாடலையும் நிர்ணயிப்பதில்லை. (இன்னொரு ஒற்றுமையும் உண்டு: 'சாம் ஸ்டோன்' பாடலைப் பின்னர் பாடிய ஜானி கேஷும் 1950-களின் முற்பகுதியில் மேற்கு ஜெர்மனியின் லாண்ட்ஸ்பெர்க் தளத்தில் விமானப்படைக்காக ரேடியோ செய்திகளை ஒட்டுக்கேட்கும் பணியில் இருந்தவர். கிறிஸ்துவைப் பற்றிய கசப்பான வரியை மட்டும் அவர் மாற்றிக்கொண்டே பாடினார்.)

1971-ல் கிறிஸ்டோஃபர்சன் சிகாகோவில் நிகழ்ச்சி நடத்தியபோது, அவருக்கு முன்னால் பாடியவர் ஸ்டீவ் குட்மன். அதே ஊர்க்காரர், பிரைனின் நண்பர். தம்மைப் பாராட்டிய கிறிஸ்டோஃபர்சனிடம், நீங்கள் கேட்க வேண்டியவர் இன்னொருவர் இருக்கிறார் என்று வற்புறுத்தி, நள்ளிரவு கடந்த நேரத்தில் வெல்ஸ் தெருவிலுள்ள ஏர்ல் ஆஃப் ஓல்ட் டவுன் விடுதிக்கு அழைத்துச் சென்றார். நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துவிட்ட அந்த அறையில் பிரைன் தம் பாடல்களைப் பாடிக்காட்டினார். தம் முறையில் கிடைத்த வாய்ப்பை மற்றொருவர் பக்கம் திருப்பிவிட்ட குட்மனின் செயலைத் தனிமனிதப் பெருந்தன்மை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. வாரம் முழுவதும் ஒருவர் பாடலை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கும் சிறு வட்டத்தில்தான் இப்படி ஒரு பரிந்துரைக்கு எடை வரும். சில மாதங்களுக்குள் நியூயார்க்கில் கிறிஸ்டோஃபர்சனின் மேடையில் பிரைன் பாட, அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தின் ஜெரி வெக்ஸ்லர் மறுநாளே ஒப்பந்தம் தந்தார். ஆரிஃப் மார்டினின் தயாரிப்பில் பெரும்பாலும் மெம்பிஸ் நகரில் பதிவான முதல் தொகுப்பு அவ்வாண்டே வெளிவந்தது.

ராணுவ அனுபவம் அவருடைய மற்றப் பாடல்களிலும் தலைகாட்டியது. போரில் ஒருவர் இருக்கிறார் என்பதற்கு அடையாளமாக ஜன்னலில் மாட்டும் நட்சத்திரக் கொடியை இனிக் கழற்றுமாறு தாயிடம் கேட்கும் கடற்படை வீரனின் பாடல் ஒன்றை 1972-ல் வெளியிட்டார். கார் கண்ணாடியில் தேசியக் கொடி ஒட்டிக்கொள்வதைக் கிண்டல் செய்யும் மற்றொரு பாடல் தபால் வேலையிலேயே கிடைத்தது. ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழுடன் இலவசமாக வந்த கொடி ஒட்டுவில்லைகளை அவர் ஒரு நாள் வீடு வீடாக விநியோகித்தார். மறுநாள் அதே தெருக்களில் அவை எங்கும் ஒட்டப்பட்டிருந்தன. நாட்டுப்பற்றை ஒட்டுவில்லையாக்கியதைக் கண்டு எரிச்சலடைந்தவர் அந்த நாட்டின் சீருடையை அணிந்து வந்தவர் என்பதே அப்பாடலின் வலு. ஆனாலும் அதைப் பாடலில் ஒரு வரியில்கூட அவர் சொல்லிக்காட்டவில்லை.

இன்று அமெரிக்காவில் முன்னாள் வீரர்களையும் இசையையும் இணைக்கும் அமைப்புகள் பல உள்ளன. கிட்டார் கொடுத்துப் பாடம் நடத்தும் 'கிட்டார்ஸ் ஃபார் வெட்ஸ்' 2007-ல் மில்வாக்கியில் தொடங்கியது. வீரர் சொல்வதைக் கேட்டுத் தொழில்முறைப் பாடலாசிரியர் அவரோடு சேர்ந்து எழுதும் 'சாங்ரைட்டிங் வித் சோல்ஜர்ஸ்' 2012-ல் உருவானது. இவற்றின் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பிரைனின் நிகழ்வை இவற்றுக்கு முன்மாதிரியாகக் காட்டுவது பொருந்தாது. அவருக்கு இசை சிகிச்சையாக வழங்கப்படவில்லை. அவரைக் கேட்டவர்கள் வீரர் என்பதற்காகப் பொறுத்துக்கொண்டு கேட்கவில்லை. குடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தவர்களைப் பேச்சை நிறுத்த வைக்க வேண்டிய கட்டாயம் எல்லாப் பாடகரையும் போலவே அவருக்கும் இருந்தது. இந்த அமைப்புகளிலிருந்து வெளிவரும் வீரர் ஒருவர் தம் ஊர் விடுதியில் வாரம் ஒரு இரவு பாட இடம் கிடைக்கிறதா என்பதைத் திட்ட அறிக்கைகள் எவ்வளவு கருத்தில் கொள்கின்றன என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்த ஆய்வுக்கு வரம்புகள் உண்டு. பிரைன் அசாதாரணத் திறமைசாலி. அதே பணிமனையில் இருந்த மற்றவர்கள் இப்படி எழுதவில்லை. சிகாகோவின் நாட்டுப்புற இசை விடுதிகள் செழித்திருந்த சில ஆண்டுகளுக்குள் அவர் திரும்பிவந்தது தற்செயல். மேலும், அவர் பெயர் பெற்ற பிறகு அளித்த நேர்காணல்களிலிருந்தே நாம் அந்தக் காலத்தை அறிகிறோம். நல்ல கதைசொல்லியான அவர் பழைய நிகழ்ச்சிகளை மெருகேற்றாமல் சொல்லியிருப்பார் என்று நம்புவதற்கில்லை.

பிற்காலத்தில் நாஷ்வில்லுக்குக் குடிபெயர்ந்து, சொந்த இசை நிறுவனம் நடத்தி, கிராமி விருதுகள் பெற்று, இருமுறை புற்றுநோயைக் கடந்த அவர், 2020 ஏப்ரல் 7 அன்று கோவிட் தொற்றால் இறந்தார். இடையில் ஒரு செய்தி மட்டும் இந்த ஆய்வோடு நேரடியாகத் தொடர்புடையது. வியட்நாம் போர் முடிந்தபின், கொடி ஒட்டுவில்லைப் பாடலின் வேலை முடிந்துவிட்டதாகக் கருதி அதை மேடையில் பாடுவதை அவர் நிறுத்திவிட்டார். ஈராக் போர் தொடங்கியபின் மீண்டும் பாடலானார்.